சென்சாரில் ஒட்டிய தூசி

சைக்கிள் பந்தயத்தில் எடுத்த படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புள்ளி அவன் கண்ணில் பட்டது. படத்தின் இடது பக்கத்தில், பாதி உயரத்துக்குச் சற்று மேலே, எறும்பின் தலை அளவுக்கு ஒரு கறுப்பு. முதல் படத்தில் அது வானத்தில் இருந்தது. அடுத்ததில் ஒரு கடையின் வெள்ளைச் சுவரில் இருந்தது. அதற்கடுத்ததில், வியர்வையில் முதுகோடு ஒட்டிப்போன ஒரு மஞ்சள் பனியனின் மேல். காட்சி மாறியதே தவிரப் புள்ளியின் இடம் மாறவில்லை.

கேமராவுக்குள் படம் பதிகிற சென்சாரில் தூசி என்று நினைத்தான். கேமரா வைத்திருக்கிற எவனும் அப்படித்தான் நினைப்பான். லென்ஸைக் கழற்றி மாட்டும்போது எப்படியோ ஒரு துகள் உள்ளே புகுந்து ஒட்டிக்கொள்ளும். அப்புறம் எடுக்கிற படங்களில் எல்லாம் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு உயிரை வாங்கும். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றடித்தான். அதற்கும் அசையாதபோது, மருந்து தொட்ட மெல்லிய துணியால் மூச்சைப் பிடித்துக்கொண்டு துடைத்தான். வெள்ளைக் காகிதத்தை ஜன்னலோரம் வைத்து ஒரு படம் எடுத்துப் பார்த்தான். புள்ளி இருந்த இடத்திலேயே இருந்தது.

சரி, தொலையட்டும் என்று மென்பொருளில் அதை அழித்தான். ஒரு படத்தில் அழித்தால் போதும். ஒரே சொடுக்கில் மற்ற எல்லாப் படங்களிலும் அதே இடம் அழிந்துவிடும். பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுத்துப் புள்ளியின் மேல் பூசிவிடும். வானத்துக்கு வானம், சுவருக்குச் சுவர். அவனுக்கு அதில் கை நன்றாகப் பழகியிருந்தது. கொஞ்சம் அதிகமாகவே பழகியிருந்தது என்ற நினைப்பு வந்ததும் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தான்.

பகலில் அவன் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தான். நசுங்கிய கார், தண்ணீர் புகுந்த கடை, எரிந்த கூரை என்று வாடிக்கையாளர்கள் அனுப்புகிற படங்களில் எது நிஜம், எது ஒட்டுவேலை என்று பார்த்துச் சொல்வது அவன் பொறுப்பு. அவனை ஏமாற்ற ஒருத்தன் பிறந்துதான் வர வேண்டும் என்று மேலாளரே நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். விடுமுறை வந்தால் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பள்ளி விளையாட்டு விழா, ரத்ததான முகாம், நூலக ஆண்டு விழா, எதுவும் கிடைக்காவிட்டால் கொடியில் காயும் துணியின் மேல் உட்கார்ந்திருக்கும் தும்பி. காசு வாங்க மாட்டான். தெருவில் அவனுக்குக் கேமராக்காரர் என்றே பெயர். “பொண்ணு மாப்பிள்ளை வரலேன்னாலும் இந்த மனுஷன் வந்துருவாரு” என்று சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

இனி அந்த ஏரி விஷயத்தைச் சொல்லிவிட வேண்டியதுதான். அவனாக யாரிடமும் சொல்ல மாட்டான்.

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் அவன் ஊர் எல்லையில் இருக்கும் ஏரிக்குப் போயிருந்தான். பனிமூட்டம் தண்ணீரோடு தண்ணீராகப் படுத்துக் கிடந்தது. நடுவில் ஒற்றைக்காலில் ஒரு நாரை. அதன் கீழே, துளி அலையில்லாத நீரில், தலைகீழாக இன்னொரு நாரை. பல நாள் ஏங்கிய காட்சி அது. ஆனால் எதிர்க்கரையில், நாணல் புதர் ஓரத்தில், கறுப்பாக ஓர் ஆள் நின்றுகொண்டிருந்தான். படத்தைக் கெடுக்கவென்றே வந்து நிற்கிறானே என்று எரிச்சலாக வந்தது. நகர்வான் நகர்வான் என்று வியூஃபைண்டரில் வைத்த கண்ணை எடுக்காமல் காத்திருந்தான். ஆள் நகரவில்லை. நாரை இறக்கையை விரிப்பதற்குள் வேறு வழியின்றி அழுத்திவிட்டு வந்தான்.

புகைப்படச் சங்கத்தின் போட்டிக்கு அன்று நண்பகலோடு கெடு முடிந்தது. இயற்கைப் பிரிவில் ஒரே ஒரு விதிதான்: படத்தில் எதையும் சேர்க்கவும் கூடாது, எடுக்கவும் கூடாது. அவன் அந்த ஆளை எடுத்தான். இடம் தெரியாமல் நாணலைப் பூசினான். அனுப்பினான்.

கீழ்வீட்டு அம்மா மாடியேறி வந்தது அதற்குப் பிறகுதான். கீழ்வீட்டில் வயதான தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. ஒரு வருடமாகவே தையல்காரருக்கு ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. ஒரு சட்டைக்கு மூன்று கை தைத்துக் கொடுத்தார். வாங்க வந்தவர் சிரித்தாரே தவிரக் கோபித்துக்கொள்ளவில்லை. அப்புறம், வாசல் வரை போனவருக்குத் திரும்பி வரத் தெரியாமல் போனது. அந்த அம்மாதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டார்.

“தம்பி, விடியறதுக்கு முன்னாடியே உங்க வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஏரிப்பக்கம்தானே போனீங்க? அவரைக் காணோம். கதவு திறந்தே கெடக்கு. அந்தப் பக்கம் யாராச்சும் கண்ணுல பட்டாங்களா?”

“இல்லம்மா. அங்க யாருமே இல்ல.”

யோசிப்பதற்கு முன்பே அது வாயில் வந்துவிட்டது. காலையெல்லாம் ஆளில்லாத ஏரியையே பார்த்துப் பார்த்து மெருகேற்றியிருந்தான். அந்த ஏரிதான் அவனுக்கு நிஜமாகிவிட்டது என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லலாம். அது பாதி சமாதானம்தான். மீதிப் பாதி பயம்.

அவர் இறங்கிப் போனதும் கணினியைத் திறந்து, அழிப்பதற்கு முந்தைய படத்தை எடுத்துப் பெரிதாக்கினான். கட்டம் கட்டமாக உடைந்த உருவம். கோடு போட்ட சட்டை. கழுத்தில் அளவு நாடா. வலது கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது. முகம் நேராகக் கேமராவைப் பார்த்திருந்தது. தையல்காரர் அவனை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார். தெரிந்த ஆள் ஒருத்தன் நிற்கிறான், கூட்டிக்கொண்டு போவான் என்று கையை ஆட்டியிருக்கிறார்.

மாடிப்படி வரைக்கும் ஓடினான். படியில் நின்றான். சங்கத்தில் தெரிந்தால்? மேலாளர் காதுக்குப் போனால்? ‘படத்தில் பொய் கண்டுபிடிக்கிறவனே’ என்று ஆரம்பிப்பார்களே. சாயங்காலத்துக்குள் எப்படியும் ஆள் கிடைத்துவிடுவார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போனான். ஏரியில்தான் யாரும் இல்லையே என்று, தேடப் போனவர்கள் எல்லாரும் பேருந்து நிலையத்தையும் கடைத்தெருவையும் சல்லடை போட்டுச் சலித்தார்கள்.

கடைசியில், மறுநாள் காலை மீன் பிடிக்கப் போனவர்தான் நாணலுக்குள் அவர் உடலைப் பார்த்தார். கால் சேற்றில் தொடைவரை புதைந்திருந்தது. முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும்கூட உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னதைத் தெருவே கிசுகிசுத்தது. அந்த அம்மாவின் காதுக்கு மட்டும் போகாமல் பார்த்துக்கொண்டார்கள். அன்றே அவன் அந்தப் பழைய படத்தை மீட்க முடியாதபடி அழித்தான். நாரைக்கு முதல் பரிசு கிடைத்தது. நூலகச் சுவரில் மாட்டினார்கள். தலையை வாரிக்கொண்டு போய் மேடையில் நின்று கைதட்டலை வாங்கிக்கொண்டான். வீட்டுக்கு வரும்போது கீழ்வீட்டு ஜன்னலைக் கடக்கக் குனிந்து நடந்தான். கண்ணாடியில் முகம் பார்த்துச் சவரம் செய்யவே கூசியது. இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்டான். இருந்தான், மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு இருந்தான்.

சைக்கிள் பந்தயத்துக்குப் பிறகு, குழாயடியில் தண்ணீர் குடிக்கும் சிட்டுக்குருவிகளை எடுத்தான். வீட்டுக்கு வந்து திறந்தால், அதே இடத்தில் புள்ளி. ஆனால் இப்போது மிளகளவு. தூசி வளராது என்று எந்தக் கேமராக்காரனுக்கும் தெரியும். பெரிதாக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பெரிதாக்கினான்.

ஓர் ஆள். வலது கை தலைக்கு மேலே.

அவசர அவசரமாகத் துடைத்தான். அடுத்து எடுத்தது ஒரு பள்ளி விழா. வரிசையில் நின்று பாடும் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலே, மேடைத் திரையின் சிவப்பில், விரல் நீளத்துக்கு அவர் நின்றார். காலுக்குக் கீழே எதுவும் இல்லை. கோடு போட்ட சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அதையும் துடைத்தான். துடைத்த கையோடு கேமராவை எடுத்து அறையின் சுவரை நோக்கி ஒரு படம் எடுத்தான். இப்போது உள்ளங்கை அளவு. அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. நாளானதால் அவர் வளரவில்லை. துடைக்கத் துடைக்கத்தான் கிட்டே வருகிறார்.

மனைவியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினான்.

“இதுல என்ன தெரியுது?”

“சுவரு. ஏன், வெள்ளையடிக்கணுங்கறீங்களா?”

“வேற ஒண்ணும் தெரியலையா?”

அவள் படத்தை விட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். “உங்க மூஞ்சிதான் சரியில்ல. ஏதோ சேத்து வாடை வருதே, சாக்கடைப் பக்கம் எங்கேயாச்சும் போனீங்களா?” என்று கேட்டபடி ஜன்னலைச் சாத்தினாள். வாடை வெளியிலிருந்து வரவில்லை என்று அவனுக்குத் தெரியும். கேமராப் பையின் ஜிப்பைத் திறந்தாலே அது குப்பென்று எழுந்தது. அழுகிய நாணலும் பழைய தண்ணீரும் கலந்த வாடை.

கேமராவை அலமாரியின் அடித்தட்டில் போர்வைகளுக்குக் கீழே வைத்துப் பூட்டினான். எதையும் எடுப்பதில்லை, எதையும் துடைப்பதில்லை. விழாக்களுக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். உடம்பு சரியில்லை என்றான். அது ஒன்றும் பொய்யில்லை. சாப்பாடு இறங்கவில்லை. அலுவலகத்தில் யாரோ ஒருவரின் எரிந்த கடையைத் திரையில் வைத்துக்கொண்டு, இடது பக்கத்தைப் பார்க்காமலே ‘உண்மை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் கீழ்வீட்டு அம்மா மறுபடி மாடியேறி வந்தார்.

“அடையாள அட்டைக்கு ஒரு போட்டோ வேணும் தம்பி. அவர் போனதுக்கப்புறம் எல்லாத்தையும் என் பேருக்கு மாத்தணுமாம். கடைக்குப் போய் உட்கார மனசு வரல. தெரிஞ்ச புள்ள நீங்க எடுத்தா நல்லாருக்கும்.”

தெரிந்த பிள்ளை. அந்த வார்த்தை அவனை அறைந்தது. வருகிறேன் என்று சொன்னான். அந்த நிமிடமே முடிவும் செய்தான். முதலில் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிடுவது. பரிசு போகட்டும், வேலை போகட்டும், தெருவே காறித் துப்பட்டும். அப்புறம் அவர் விரும்பினால் படம். அப்படி நினைத்ததுமே நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அலமாரியைத் திறந்தான். போர்வைகள் ஈரமாக இருந்தன.

அவன் கீழே போனபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. முன்னறையில் தையல் இயந்திரத்தின் மேல் ஒரு விரிப்பு போர்த்தியிருந்தது. வெட்டி முடிக்காத துணிகள் அலமாரியில் மடித்து இருந்தன. இயந்திர எண்ணெயும் சுண்ணக்கட்டியும் கலந்த ஒரு மெல்லிய வாசனை. அந்த அம்மா சுவரோரம் நாற்காலியைப் போட்டு, தலையை வாரி, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியே மிச்ச வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது.

“அம்மா, எடுக்கறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ஏரியில…”

“தெரியும் தம்பி.”

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“உங்க வீட்டுக்காரம்மா சொன்னாங்க, நீங்க சரியாச் சாப்பிடறதில்ல, தூங்கறதில்லன்னு. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்திருந்தா அவரைப் பார்த்திருக்கலாமேன்னு மனசைப் போட்டுக் குழப்பிக்கிறீங்க. அதானே?”

“அது இல்லம்மா, நான்…”

“நான் சொல்றதைக் கேளுங்க. ஆளாளுக்கு எனக்கு என்னென்னமோ ஆறுதல் சொன்னாங்க. எதுவும் ஒட்டல. நீங்க சொன்னது ஒண்ணுதான் என்னைத் தாங்கிக்கிட்டு இருக்கு. அங்க யாருமே இல்லேன்னு சொன்னீங்கல்ல? அப்படின்னா அவர் யாரையும் கூப்பிட்டு ஏமாந்து போகல. யாரையாச்சும் பார்த்து இவர் கையை ஆட்டி, அந்த ஆள் பாட்டுக்குத் திரும்பிப் போயிருந்தா… அதை நினைச்சுக்கிட்டு என்னால ஒரு நாள்கூட உசிரோட இருக்க முடியாது.” முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார். “அப்படி ஒண்ணும் நடக்கலல்ல தம்பி?”

கேமராவின் வாரை விரலில் சுற்றினான். சொன்னால் அவன் தன் பாரத்திலிருந்து தப்பிப்பான்; அந்த அம்மா செத்துப்போவார். சொல்லாவிட்டால்? இந்த யோசனையிலும் தனக்கு ஒரு வசதி இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. தன் பரிசு, தன் வேலை, தன் பெயர் எல்லாம் அந்த அம்மாவின் நிம்மதிக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துகொள்கின்றன. வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

“நடக்கலம்மா,” என்றான். “அங்க யாருமே இல்ல.”

அவர் பெருமூச்சு விட்டார். “எடுங்க. எப்படி இருக்கணும்?”

“லென்ஸைப் பாருங்க. நான் சொல்ற வரைக்கும் அசையாம இருங்க.”

கேமராவை உயர்த்தினான். இடக்கண்ணை மூடிக்கொண்டு வலக்கண்ணை வியூஃபைண்டரில் வைத்தான்.

இருட்டு. மூடியைக் கழற்றவில்லையோ என்று தடவிப் பார்த்தான். கழற்றித்தான் இருந்தது. விரல் ஈரமானது. இருட்டு இல்லை அது, சாம்பல் நிறத்தில் ஏதோ, மங்கலாக, கோடு கோடாக. லென்ஸ் முன்னும் பின்னும் முனகிக்கொண்டு கூர்மையைத் தேடியது. கிடைக்கவில்லை. மிக அருகில் இருக்கும் எதையும் அதனால் பிடிக்க முடியாது. அந்தச் சாம்பல் ஓர் அடி பின்னால் நகர்ந்தது. லென்ஸ் பிடித்துக்கொண்டது.

சட்டைப் பொத்தான். அதில் சிக்கிய நாணல் நார். மேலே கழுத்து. நாடா. வாய்.

வாய் நிறையச் சேறு.

“தம்பி… நீங்கதானா?”

குரலில் கோபமில்லை. ஒரு துளிகூட இல்லை. எதிர்பாராத இடத்தில் தெரிந்தவரைப் பார்த்த சந்தோஷம்தான் இருந்தது.

“வீட்டுக்கு எந்தப் பக்கம்ப்பா?”

 ஓடியிருக்கலாம். கேமராவைக் கீழே போட்டிருக்கலாம். மறுபடியும் கேட்டார், அதே பணிவோடு, வழி கேட்டுத் தொந்தரவு செய்வதற்காகக் கூச்சப்படும் பெரிய மனிதராக.

“கால் மாட்டிக்கிச்சுப்பா. வீட்டுல தேடுவாங்க. எந்தப் பக்கம்?”

பயத்தைத் தாங்கியிருப்பான். அந்தக் கூச்சத்தைத்தான் தாங்க முடியவில்லை. அன்று சொல்லாததை இன்றாவது சொல். சொல்லடா. இடது கை தானாகக் கேமராவை விட்டு எழுந்தது. விரல் நீண்டது. நேர் எதிரே.

அவர் விரலைப் பார்த்தார். தலையாட்டினார். திரும்பினார்.

முதுகு. சொட்டும் சட்டை. ஓர் அடி. இன்னோர் அடி. ஒரு காலை இழுத்து இழுத்து வைத்தார். ஒவ்வொரு அடிக்கும் லென்ஸ் அவரைக் கூர்மையாகப் பிடித்துக்கொண்டே போனது. அந்த முதுகுக்கு அப்பால் நாற்காலி. மோவாயை நிமிர்த்தி, கையை மடியில் வைத்து, அசையாமல் அந்த அம்மா.

“கையைக் காட்டறீங்களே, இந்தப் பக்கம் திரும்பணுமா தம்பி?”

எழுந்திருங்கம்மா. எழுந்து ஓடுங்க. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

“சில்லுன்னு இருக்கே. ஜன்னல் திறந்திருக்கா?”

முதுகு நாற்காலியை அடைந்தது. மெதுவாகத் திரும்பியது. நாளெல்லாம் நடந்து களைத்தவர் உட்காருகிறாற்போல் உட்கார்ந்தது. அந்த அம்மா இருந்த அதே இடத்தில். அவர் மேலே, அவருக்கு உள்ளே. சேலை தெரிந்தது. அப்புறம் சேலை தெரியவில்லை.

அவன் இடக்கண்ணை இறுக மூடிக்கொண்டான். அதைத் திறந்தால் அறை தெரியும். அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியும். திறக்கவில்லை.

வலக்கண்ணில், நாற்காலியில் தையல்காரர் மட்டும் இருந்தார். மோவாய் நிமிர்ந்திருந்தது. கைகள் மடியில் இருந்தன. அவன் சொன்னபடியே அசையாமல் லென்ஸைப் பார்த்தார். பிறகு சேறு நிறைந்த அந்த வாய் திறந்து, அந்த அம்மாவின் குரலில் கேட்டது:

“எடுத்துட்டீங்களா தம்பி? இனிமே அசையலாமா?”